நடுப்பக்கத்தில் காணாமல் போன மூக்கு

அந்த இங்கிலீஷ் பாட்டுச் சஞ்சிகைகள் வாசிப்பதற்காக எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பீங்கான் உடையாமல் இருப்பதற்காக வந்தன. எழுபதுகள் முடியப்போகிற காலம். உம்மாவின் தங்கையான சாச்சியின் மகன், குவைத்தில் வேலை செய்தவர், முதல் விடுமுறையில் வந்தபோது உம்மாவுக்கு ஒரு பீங்கான் செற் கொண்டுவந்தார். ஒவ்வொரு கோப்பைக்கும் நடுவே ஒரு சஞ்சிகையை வைத்துப் பெட்டி கட்டியிருந்தார். உம்மா கோப்பைகளை அலுமாரியில் அடுக்கிப் பூட்டினார். சஞ்சிகைகளை அடுப்படிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

நான் அவற்றை என் அறைக்குக் கொண்டுபோனேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் தையல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சட்டை வெட்டுவதற்கு முன் அளவுக்கு ஒரு கடதாசி வெட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெரிய, தடித்த தாள் எங்கள் பக்கம் லேசில் கிடைக்காது. இந்தச் சஞ்சிகையின் நடுப்பக்கத்தை விரித்தால் ஒரு சட்டையின் முதுகுப்பக்கம் அப்படியே அடங்கும்.

கத்தரிக்கோலைக் கையில் எடுத்த பிறகுதான் அந்தப் பக்கத்தை ஒழுங்காகப் பார்த்தேன். வலது பக்கத்தில் நீளமுடி வைத்த ஒரு பாடகன், கையில் கிற்றார். அவன் இடது பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கிற்றாரின் கழுத்து மட்டும் மடிப்பைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போகிறது. இடது பக்கம் முழுக்க வெறும் வெள்ளை. அடிமூலையில் மட்டும் கொஞ்சம் எழுத்து, யாரோ மறந்துவிட்டுப் போனது மாதிரி.

வெட்ட மனம் வரவில்லை. மற்றச் சஞ்சிகைகளையும் வெட்டும் மேசையில் விரித்தேன். எல்லாமாக ஒன்பது. அளவு நாடாவை எடுத்து அளந்தும் பார்த்தேன். பக்கத்துக்கு மூன்று எழுத்துப் பத்திகள், மூன்றும் ஒரே அகலம், பாவாடைக்குப் பிடித்த மடிப்புகள் போல. முதல் எழுத்து மட்டும் மூன்று வரி உயரம். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. ஒன்பது சஞ்சிகைகளிலும் ஒரு பக்கத்தில்கூட மடிப்பு ஆளின் முகத்தில் விழவில்லை. சட்டைக்கை மேல் விழுந்தது, மேளத்தின் மேல் விழுந்தது, ஒரு இடத்தில் சரியாக இரண்டு விரல்களுக்கு நடுவே விழுந்தது. முகத்தில் மட்டும் இல்லை.

இது எனக்குத் தெரிந்த விஷயம். பூப்போட்ட சீத்தைத் துணியில் கவுண் தைக்கும்போது ஒரு ரோசாப்பூ மூட்டில் விழுந்தால் பாதிப் பூவைத் தையல் விழுங்கிவிடும். மிச்சம் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று பொருந்தாது. அதனால் வெட்டும்போதே பூவை மூட்டிலிருந்து தள்ளிவைக்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்லிக் கொடுக்கிறேன். கடல் கடந்து எங்கோ இருக்கிற பாட்டுச் சஞ்சிகைக்காரனும் அதையேதான் செய்கிறான் என்று கண்டபோது, எங்கள் சங்கத்து ஆள் ஒருவரை எதிர்பாராத இடத்தில் சந்தித்த மாதிரி இருந்தது.

என் மூத்த சகோதரரான காக்காவிடம் ஒரு சின்ன அச்சுப் பிறஸ் இருந்தது. வளவில் ரோட்டுப் பக்கம் ஒரு தகரக் கொட்டில், அதற்குள் காலால் மிதிக்கிற ஒரு மிசின். கலியாணக் கார்ட், கடை பில், பாடசாலைப் பரீட்சைத்தாள் எல்லாம் அடிப்பார். கொட்டிலுக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு கதவு, கதவுக்கு ஒரு திரைச்சீலை. அங்கே கதைப்பது எல்லாம் எனக்குக் கேட்கும். நான் சொல்வதும் அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் விரும்பினால்.

காக்காவின் நெருங்கிய கூட்டாளி பாண்டிருப்பைச் சேர்ந்தவர். தபால் கந்தோரில் கிளார்க், ஒரு இசைக்குழுவில் அக்கோடியன் வாசிப்பார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வேலை முடிந்து சைக்கிளை நேரே எங்கள் கொட்டிலுக்கு விடுவார். ஒரு நாள் நான் விரித்து வைத்திருந்த பக்கங்களைக் காக்கா எடுத்துக்கொண்டுபோய் அவருக்குக் காட்டினார். அன்று பின்னேரமே இருவரும் சேர்ந்து ஒரு பாட்டுச் சஞ்சிகை கொண்டுவருவதென்று முடிவாகிவிட்டது.

"மச்சான், எழுதுறது என்ட பொறுப்பு, அடிக்கிறது உன்ட பொறுப்பு" என்றார் அண்ணன்.

"பக்கம் அமைக்கிறது?" என்று திரைச்சீலைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"அதுல என்ன இரிக்கி? எழுத்த வெச்சா பக்கம்" என்றார் காக்கா.

அவருக்கு ஒன்று மட்டும் விளங்கவேயில்லை. அந்த வெள்ளையைத் தடவித் தடவிப் பார்த்தார். "இவ்வளவு இடத்த என்னத்துக்கு சும்மா விட்டிரிக்கானுகள்? சொல்றதுக்கு ஒண்டும் இல்லையா? வெள்ளக் கடதாசிதான் குடுக்கிற எண்டா பிறஸ் எதுக்கு?"

"அந்த இடம் இருக்கிறதாலதான் காக்கா உங்கட கண் நேரா அந்த ஆளுக்கிட்டப் போகுது."

"என்ட கண் ஆளுக்கிட்டப் போகல்ல. வெறும் இடத்துலதான் நிக்குது. வயிறு எரியுது."

அண்ணன் ஒரு சமாதானம் சொன்னார். அந்தப் பக்கத்தைத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோய், வருகிறவர்களுக்குக் காட்டி, அவர்களின் கண் முதலில் எங்கே போகிறதென்று பார்ப்போம் என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. மறுநாள் பின்னேரம் வந்தார். முதலில் வந்தவர் கிற்றாரையோ முகத்தையோ பார்க்காமல், இது ஆணா பெண்ணா என்று கேட்டாராம். அடுத்தவர் சலூன் வைத்திருக்கிறவர். அந்த முடியைப் பார்த்து மனம் நொந்து, இப்படியே போனால் எங்கள் தொழில் என்னாவது என்று சொல்லிவிட்டு முத்திரை வாங்காமலே போய்விட்டாராம். மூன்றாவதாக வந்தவர் கோமாரியிலிருந்து தந்தி அடிக்க வந்தவர். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. பேனையை எடுத்து அந்த வெள்ளையில் தந்தியை எழுதிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அண்ணன் திரும்பக் கொண்டுவந்த தாளில் இன்னும் அந்த எழுத்து இருந்தது: உம்மாவுக்குச் சுகம், வரத் தேவையில்லை.

"கண்டயா?" என்றார் காக்கா என்னிடம். "வெறும் இடம் விட்டா இதுதான் நடக்கும்."

முதல் இதழின் நடுப்பக்கத்துக்கு அண்ணனின் குழுவில் பாடுகிறவரைப் போடுவதென்று பேசினார்கள். அவருக்குத் தொழில் டிரக்டர் ஓட்டுவது. விதைப்புக் காலத்தில் வயலில், மற்ற நாளில் கலியாண வீட்டு மைக்கில். நல்ல குரல், அடர்ந்த மீசை, அதற்கு மேலே கம்பீரமான ஒரு மூக்கு. ஸ்டூடியோவில் நேராகப் பார்த்து ஒரு படம் பிடித்து, அச்சுக்கு உலோகத்தில் புளொக் செய்யக் கொழும்புக்கு அனுப்பினார்கள். படம் இரண்டு பக்கத்தையும் நிறைக்க வேண்டும் என்பது காக்காவின் கட்டளை. புளொக் இரண்டு துண்டாக வந்தது. ஒன்றில் இடது கண்ணும் அரை மூக்கும், மற்றதில் மிச்சம்.

எங்கள் மிசின் ஒரு தடவைக்கு ஒரு பக்கம்தான் அடிக்கும். தாள்களைத் தனித்தனியாக அடித்து, அடுக்கி, ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளிக் கம்பி ஊசி குத்த வேண்டும். ஆகவே நடுவில் இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் உள்ளே போய்விடும். அதைத் தையலில் மூட்டுக்கு விடுகிற துணி என்போம்.

"காக்கா, மூட்டு மூக்குல விழுது."

"என்ன மூட்டு?"

"ஊசி குத்தினா ரெண்டு பக்கமும் அரை அங்குலம் உள்ளுக்குப் போகும். மூக்கு அதுக்குள்ள போயிரும். ஆள வலது பக்கத்துக்குத் தள்ளுங்க."

"நடுப்பக்கம் எண்டா ஆள் நடுவுல இரிக்கணும். இல்லாட்டி அதுக்குப் பேர் என்ன, ஓரப்பக்கமா?" அண்ணன் சிரித்தார். நான் ஒரு தாளை மடித்து, எது எங்கே வரவேண்டும் என்று கோடு போட்டு, திரைச்சீலைக்குக் கீழால் தள்ளிவிட்டேன். மறுநாள் அதன் மேல் காக்காவின் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது.

தலைப்பை அண்ணன் எழுதினார். அதுவும் இரண்டு பக்கத்துக்கும் நீண்டு போக வேண்டும் என்பதால் இரண்டு வரியாக, மிகப் பெரிய எழுத்தில். முதல் வரி: இவர் பாடத் தொடங்கினால் ஊரே கூடிவிடும். இரண்டாம் வரி: கூட்டம் எழுந்து போய் மேடையைச் சூழ்ந்துகொள்ளும். எழுதிவிட்டு அவரே இரண்டு தரம் உரக்க வாசித்துக் காட்டினார். நானும் நல்லாயிருக்கிறது என்றேன். அதில் ஒரு பிழை இருந்ததை நானும் காணவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பாடகரின் வலது காதுக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி அளவு வெள்ளை மிஞ்சியது. காக்காவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பழைய பெட்டியைக் கிளறி ஒரு சேவல் புளொக்கை எடுத்து, "நாட்டுக் கோழி முட்டை இங்கு கிடைக்கும்" என்று ஒரு விளம்பரம் செய்து அங்கே செருகிவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் முதல் பிரதிகளுக்கு ஊசி குத்தினார்கள். அந்த நேரம் பார்த்துப் பாடகர் டிரக்டரோடு வந்தார். அவருக்குச் சம்மாந்துறையில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் வாப்பா நிறைய வயல் உள்ள போடியார். அங்கே ஒரு பிரதி போய்ச் சேர்ந்தால் நல்லதென்று பாடகர் நினைத்திருக்கிறார். மை காயட்டும் என்று அண்ணன் சொல்லச் சொல்ல, பத்துப் பிரதிகளைத் திறந்தும் பாராமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் அண்ணன் ஒன்றைத் திறந்தார். ஊசி குத்துகிற சத்தம் நின்றது. நான் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன்.

மூக்கு இல்லை. ஒரு நூல் அளவுகூட இல்லை. இரண்டு கண்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, அதிலும் ஒன்று மற்றதை விட விரற்கடை உயரத்தில். மீசை சுருங்கி ஒரு பொட்டாகிவிட்டது. வலது காதுக்குள் அந்தச் சேவல் கொண்டையை ஆட்டிக்கொண்டு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது.

"மச்சான்" என்றார் அண்ணன் மெதுவாக, "தலைப்ப வாசி."

காக்கா வாசித்தார். எல்லோரும் வாசிக்கிற மாதிரி, இடது பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போனார். "இவர் பாடத் தொடங்கினால் கூட்டம் எழுந்து போய்." பிறகு வலது பக்கம்: "ஊரே கூடிவிடும், மேடையைச் சூழ்ந்துகொள்ளும்."

"அடிக்கவா?" என்று கேட்டார் காக்கா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக இரண்டு நாள் காக்கா என்னோடு கதைக்கவில்லை.

சனிக்கிழமை காலை காக்காவும் அண்ணனும் திருக்கோவில் பக்கம் கடைகளுக்குப் பிரதி கொடுக்கப் போயிருந்தார்கள். போகாமல் இருந்தால் வேறு ஊர் ஆட்களுக்கு நல்லதாக இருந்திருக்கும், ஆனால் அடித்ததை வீசக் காக்காவுக்கு மனமில்லை. வீட்டில் நானும் உம்மாவும்தான். வாசலில் ஒரு கார் நின்றது. வெள்ளைச் சாறனும் தொப்பியும் போட்ட ஒரு பெரியவர் இறங்கினார். கையில் எங்கள் சஞ்சிகை.

உம்மா முன்னே போய்க் கதிரை போட்டார். நான் கதவோரம் நின்றேன். பெரியவர் மழை பற்றிக் கதைத்தார். வாய்க்கால் தண்ணீர் பற்றிக் கதைத்தார். தேத்தண்ணி குடித்து முடிந்த பிறகு சஞ்சிகையை மெதுவாக மடியில் விரித்தார்.

"இது உங்கட பிறஸ்ல அடிச்சதா?"

"ஓம்" என்றார் உம்மா.

"இந்தத் தம்பிய உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம், மகன்ட கூட்டாளிதானே. நல்ல புள்ள."

பெரியவர் தொண்டையைச் செருமினார். இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினார். "தப்பா நினைக்க வேணாம். பொண்ணப் பெத்தவன், கேக்காம இரிக்க ஏலா. அந்தத் தம்பிக்கு மூக்கு இரிக்கா?"

உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவரின் தோள் குலுங்கத் தொடங்கிவிட்டது. இனி நான்தான் கதைக்க வேண்டும் என்று விளங்கியது.

"இரிக்கி மாமா. உள்ளுக்கு இரிக்கி."

"உள்ளுக்கா?"

அவருக்கு இன்னும் பயம் கூடிவிட்டது என்று கண்டு, அந்தப் பிரதியைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன். வெட்டும் மேசையில் வைத்துக் கத்தரிக்கோல் முனையால் கம்பி ஊசிகளைக் கழற்றினேன். இரண்டு தாளையும் பிரித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஒன்றை விரற்கடை கீழே இறக்கினேன். மறைந்திருந்த மூக்கு முழுதாக வெளியே வந்தது. பெரியவர் எழுந்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"இதென்ன மகள், இவ்வளவு பெரிய மூக்கா இரிக்கி?"

"ஓம் மாமா, கொஞ்சம் பெரிசுதான்."

"பரவாயில்ல" என்றார், ஒரு பெருமூச்சு விட்டு. "நான் வேற மாதிரி நினைச்சிட்டு வந்த. ராத்திரி முழுக்க பொண்டாட்டி அழுதுட்டு இரிக்கா."

பிறகு தலைப்பைக் கேட்டார். கூட்டம் ஏன் எழுந்து போகிறது? ஊர் ஏன் மேடையைச் சூழ்கிறது? முன்பு ஏதும் பிரச்சினை நடந்ததா? நான் விரலால் கோடு இழுத்து, மடிப்பைத் தாண்டி எப்படி வாசிக்க வேண்டும் என்று காட்டினேன். அவர் நான் காட்டியபடி ஒரு தரம் வாசித்தார், பிறகு தன் பழக்கப்படி ஒரு தரம் வாசித்தார். இரண்டாவதுதான் நல்லாப் போகுது என்றார். என்னால் மறுக்க முடியவில்லை. நடுவில் அவ்வளவு அகலப் பள்ளத்தை வைத்துவிட்டு வாசிக்கிறவர் அதைத் தாண்டுவார் என்று எதிர்பார்த்தது எங்கள் பிழைதான். அதையும் அவரிடம் சொன்னேன். சேவலைப் பற்றியும் கேட்டார். அது விளம்பரம் என்றேன். "அந்தத் தம்பிட கோழி இல்லையா?" என்று கேட்டபோது அவர் குரலில் ஒரு சின்ன ஏமாற்றம் இருந்தது.

அந்த நேரம் ரோட்டில் டிரக்டர் சத்தம் கேட்டது. பாடகர் காக்காவோடு சண்டை பிடிக்க வந்திருந்தார். சந்தையில் நேற்று முழுக்க எல்லாரும் அவருடைய முகத்தின் நடுவைத்தான் பார்த்தார்களாம். "எங்க அவன்?" என்று கத்திக்கொண்டு கொட்டிலுக்குள் வந்து திரைச்சீலையை விலக்கியவர், என் மேசையருகே போடியாரைக் கண்டு அப்படியே நின்றார். முகத்தை மறைக்கலாமா காட்டலாமா என்று தெரியாமல் கை பாதி வழியில் நின்றுவிட்டது.

போடியார் தாளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார். கொட்டில் முழுக்கக் கடதாசித் தூசு. பாடகர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அடக்க முடியாமல் தும்மினார். ஒன்றல்ல, மூன்று. தகரம் அதிர்ந்தது. தும்மியவர் இறைவனைப் புகழ வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

"அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்க மருமகன்" என்றார் போடியார்.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன முறை வந்துவிட்டது என்று அவருக்கே தெரிந்தது. பாடகருக்கும் தெரிந்தது. உம்மா உள்ளே போய்ச் சீனி போட்டு இன்னும் இரண்டு தேத்தண்ணி கொண்டுவந்தார். போடியார் பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பாட்டில் தனக்கு அவ்வளவு இஷ்டமில்லை என்றார். டிரக்டரின் எந்தப் பாகம் அடிக்கடி பழுதாகும், அதைத் தானே கழற்றிப் பூட்டுவாரா என்றுதான் கேட்டார். பாடகர் அரை மணித்தியாலம் பதில் சொன்னார். அவர் பாடுவதை விட அது நன்றாக இருந்தது.

கலியாணம் அறுவடை முடிந்து சம்மாந்துறையில் நடந்தது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விட்டதால் குழு ஒரு பாடகரை இழந்தது. அந்தச் சனிக்கிழமை பின்னேரமே காக்கா திருக்கோவிலிலிருந்து திரும்பி வந்து நடந்ததைக் கேட்டுவிட்டு, என் மேசைக்கு முன்னால் ஒரு கட்டுத் தாளை வைத்தார். "ரெண்டாவது புத்தகத்துட நடுப்பக்கத்த நீ செய்."

செய்தேன். இந்தத் தடவை ஆள் அண்ணன்தான், அக்கோடியனோடு. அவரை வலது பக்கத்தில் நிறுத்தி இடது பக்கம் பார்க்க வைத்தேன். மடிப்பில் அக்கோடியனின் துருத்தி விழுந்தது. அது ஏற்கெனவே மடிப்பு மடிப்பாக இருப்பதால் அரை அங்குலம் போனது யாருக்கும் தெரியவில்லை. தலைப்பு முழுவதும் ஒரே பக்கத்தில். இடது பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் வெள்ளை. அதை அடிக்கும்போது காக்கா சேவல் புளொக்கைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் மிசினைச் சுற்றி வந்தார். திரைச்சீலையை நான் விலக்கியே வைத்திருந்தேன்.

அந்த இதழில் முப்பது பிரதிகளுக்கு மேல் திரும்பி வந்தன. பாதிப் பக்கம் அடிபடவில்லை, நல்லதாக மாற்றித் தாருங்கள் என்று கடைக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் மட்டும் கடிதம் எழுதினார். ஒளித்துவைத்த எழுத்து ஏதும் தெரியுமோ என்று விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததாகவும், எதுவும் தெரியவில்லை என்றும், போட்டி என்றால் விடையை அடுத்த இதழில் அறிவிக்கும்படியும் கேட்டிருந்தார்.

மூன்றாவது இதழோடு நிறுத்திவிட்டோம். எழுத ஆள் இருந்தார், அடிக்க ஆள் இருந்தார். பாடுகிறவர்கள்தான் எங்கள் நடுப்பக்கத்துக்கு வரப் பயந்தார்கள்.

ஆனால் காக்காவிடம் ஒரு மாற்றம் வந்தது. ஒரு நாள் கலியாணக் கார்ட் ஒன்றுக்கு எழுத்துக் கோர்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வழக்கமாக நான்கு மூலைக்கும் பூவும் பிறையும் நட்சத்திரமும் நெருக்கி வைப்பவர், அன்று ஒன்றும் வைக்கவில்லை. பெயர்கள் இரண்டும் நடுவுக்குக் கொஞ்சம் கீழே, சுற்றிவர வெள்ளை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்ன, ஒண்டும் சொல்ல மாட்டாயா?" என்றார்.

"நல்லாயிரிக்கி காக்கா."

"எனக்கு இன்னும் வயிறு எரியுதுதான்" என்றார். "ஆனா கண் நேரா மாப்பிள்ளப் பொண்ணுக்கிட்டப் போகுது."

கார்டை வாங்க வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறதே, எங்கள் பெரியப்பாவின் பெயரையும் போடலாமே என்று கேட்டார். காக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "போடலாம், ஆனா இந்தக் கலியாணத்த முடிக்கிறது அவர் இல்லையே" என்று சொல்லி, கார்டுகளைக் கட்டி அவர் கையில் கொடுத்துவிட்டார்.